காருக்கும் ஒரு கட்டிங் மாஸ்டர் வேண்டும்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில், அருள்புரத்தில் இறங்கி ஏதாவது ஒரு தையல் யூனிட்டுக்குள் எட்டிப் பாருங்கள். மேசையோரம் கட் பீஸ் பண்டில் பண்டிலாக அடுக்கியிருக்கும். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துக்கு ரிப். இத்தனையும் சேர்ந்தால் ஒரு டி-ஷர்ட். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் கையில் டேப் இருக்காது. துண்டின் ஓரத்தில் கட்டிங் மாஸ்டர் போட்டுவைத்த சின்ன நாட்ச் இருக்கும். நாட்ச்சோடு நாட்ச்சைச் சேர்த்து மிஷினை மிதித்தால் தோள் தோளாகவும் கை கையாகவும் வந்துவிடும். கட்டிங்கில் அரை அங்குலம் தப்பினால் அந்தச் சட்டையை எப்பேர்ப்பட்ட டெய்லராலும் மீட்க முடியாது.

கிட் கார் என்பதும் இப்படி ஒரு பண்டில்தான். சட்டகம், சஸ்பென்ஷன் ஆர்ம்கள், ஸ்டியரிங், உடல் தகடுகள் எல்லாம் பெட்டிகளில் வந்து இறங்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றியவை. வாங்கியவர் தன் வீட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பூட்டி முடிப்பார். பார்ப்பவர்களுக்கு இது ஸ்பேனர் வேலையாகத் தெரியும். உண்மையில் அந்தப் பெட்டிகளில் விலை உயர்ந்த சரக்கு இரும்பு அல்ல. எந்த ஓட்டை எந்த ஓட்டையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற அளவுதான் அது. கிட் விற்கிறவர் காரின் கட்டிங் மாஸ்டர்.

இந்த வழக்கம் வேர்விட்ட நாடு பிரிட்டன். 1957-ல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. முழுதாகப் பூட்டிய கார் வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆகவே பலர் பாகங்களாகவே வாங்கினார்கள். பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு கூடவே வந்தால் அதை முழுக் காராகக் கருதி வரி போட்டுவிடுவார்கள் என்பதால், லோட்டஸ் ‘கழற்றும் முறை’ என்று எழுதிக் கொடுத்ததாகவும் வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்ததாகவும் ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை மறைந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. வரி லாபம் போன பிறகும் கிட் கார் சாகவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டுக்குள் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றும் ஒரு அங்குலச் சதுரக் குழாய்களும் இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு.

நம் பக்கத்திலும் இந்த ஆசை புதிதல்ல. பல்லடத்துக்கு மேற்கே, சூலூரை ஒட்டிய கலங்கலில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் மேல் அவருக்குக் கண் விழுந்தது. கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு ரட்ஜ் வண்டி வாங்கினார். வாங்கியதும் அதை அக்கக்காகப் பிரித்துப்போட்டு மறுபடியும் பூட்டினார். லோட்டஸ் கையேட்டைத் தலைகீழாகப் படித்தவர்களுக்கு வெகு காலம் முன்பே, கழற்றுவதுதான் பூட்டக் கற்கும் வழி என்று அவர் கண்டுகொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட அவர், 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றையும் உருவாக்கினார். அரசாங்க உரிமம் கிடைக்காததால் அது அத்தோடு நின்றது.

நாயுடு விட்ட இடத்திலிருந்து வேறொரு வழியில் போனவர் கோவை எஸ். கரிவரதன். 1954-ல் பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து ஓட்டுநர். வெளிநாட்டுப் பந்தயக் கார் இறக்குமதி செய்தால் கோடீஸ்வரர்கள் மட்டுமே ஓட்ட முடியும் என்று தெரிந்து, 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைக் கார்களைக் கோவையிலேயே கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. பின்னாளில், 2005-ல், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதைக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயர் வைத்தார்கள்.

சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிற குடும்பக் காரின் எஞ்சின் பந்தயக் காரை எப்படி இழுக்கும்? மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ, சக்தி 37 குதிரைத்திறன். 70 கிலோ ஓட்டுநர் ஏறினால் அந்த எஞ்சின் 720 கிலோவைத் தள்ள வேண்டும். கூரை, கதவு, பின்சீட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு 350 கிலோவில் ஒரு காரைக் கட்டுகிறோம் என்று வையுங்கள். ஓட்டுநரோடு 420 கிலோ. எஞ்சினில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் சக்தி 70 சதவீதம் கூடிவிட்டது. இதில் இன்னொரு லாபம் உண்டு. சக்தியைக் கூட்டினால் கிளம்பும் வேகம் மட்டும் கூடும். எடையைக் குறைத்தாலோ நிற்பதும் வளைவதும் சேர்ந்து எளிதாகும்.

ஆனால் கூரையையும் கதவையும் எடுத்ததும் ஒரு வில்லங்கம் வருகிறது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. கூரை, தளம், தூண்கள் எல்லாம் சேர்ந்த தகரப் பெட்டிதான் எலும்புக்கூடு. பெட்டியின் மூடியைக் கழற்றினால் பெட்டி நெளியும். செருப்புக் கடை அட்டைப் பெட்டியை மூடியோடு ஒருமுறை, மூடி இல்லாமல் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஆகவே வீட்டில் கார் கட்டுகிறவர் முதலில் செய்ய வேண்டியது முறுக்கைத் தாங்கும் சட்டகம்.

முறுக்கு எங்கிருந்து வருகிறது? சமமில்லாத தரையில் நாலு கால் மேசை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடும். கார் அப்படி ஆடாமல் இருக்கக் காரணம், ஒவ்வொரு சக்கரமும் தன் ஸ்பிரிங்கில் தனியாக இறங்கி ஏறுவது. முன் இடது சக்கரம் மேட்டிலும் பின் வலது சக்கரம் இன்னொரு மேட்டிலும் ஏறும்போது சட்டகத்தின் முன் முனை ஒரு பக்கமும் பின் முனை மறு பக்கமும் திருகப்படும். சட்டகம் விறைப்பாக நின்றால் வேலையை நாலு ஸ்பிரிங்குகள் பார்த்துக்கொள்ளும். சட்டகமே திருகினால் அது ஐந்தாவது ஸ்பிரிங் ஆகிவிடும். அந்த ஸ்பிரிங்குக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. நாலு பக்கமும் எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும் வளைவில் வண்டி என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

இந்த இயற்பியல் பனியன் ஊர்க்காரர்களுக்குக் கை பழகிய விஷயம். அருள்புரத்துக்கு வடக்கே திருப்பூரில் பின்னலாடை, தெற்கே பல்லடம் பக்கம் விசைத்தறி. தறியில் நெய்த காடா துணியை எடுத்துப் பாவு வாட்டத்தில் இழுத்தால் இழுபடாது. ஊடை வாட்டத்தில் இழுத்தாலும் அப்படியே. மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் மட்டும் நீளும். டெய்லர்கள் இதைத்தான் கிராஸ் என்பார்கள். கழுத்து வளைவுக்குப் பைப்பிங் வைக்கக் கிராஸில் வெட்டுவது இதற்காகத்தான். நூல் நீளவில்லை. பாவும் ஊடையும் சேர்ந்து போட்ட சின்னச் சதுரங்கள் சாய்ந்து சாய்சதுரம் ஆகின்றன, அவ்வளவுதான். நாலு கம்பிகளை மூலையில் போல்ட் போட்டுச் சதுரமாக்கினாலும் இதே கதை. தள்ளினால் சாயும். மூலைவாட்டில் ஒரு கம்பியை வைத்துவிட்டால் சாயாது, ஏனென்றால் இப்போது அது இரண்டு முக்கோணம். மூன்று பக்கத்தின் நீளமும் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாற வழியே இல்லை. கிட் காரின் சட்டகத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் குழாய்களெல்லாம் இந்தக் கிராஸ் இழுவையை அடைக்க வைத்தவை. எஞ்சின் இறங்கும் திறப்பும் ஓட்டுநர் உட்காரும் திறப்பும்தான் தலைவலி. அங்கே மூலைவாட்டக் குழாய் போட்டால் ஆள் உட்கார முடியாது. எந்தச் சட்டகமும் பலவீனமாவது அந்த இடத்தில்தான்.

குழாய்க்கு ஒரு காரணம் உண்டு. துணி ரோலுக்குள் வரும் அட்டைக் குழலை முறுக்கிப் பாருங்கள், அசையாது. பிளேடால் அதன் நீளவாட்டில் ஒரே ஒரு கீறல் போட்டு மறுபடி முறுக்குங்கள். துவண்டுவிடும். அட்டை அதேதான், எடையும் அதேதான். மூடிய வளையம் திறந்துவிட்டது, அதுதான் வித்தியாசம். 25 மில்லிமீட்டர் சதுரத்தில் 1.6 மில்லிமீட்டர் தகடு உள்ள இரும்புக் குழாய்க்கு இந்தக் கணக்கைப் போட்டால், கீறாத குழாய் கீறிய குழாயைவிட முறுக்கைச் சுமார் 160 மடங்கு தாங்குகிறது. சி வடிவச் சேனல் இரும்பு கிடைக்கிறது, மலிவு என்று அதில் சட்டகம் கட்டுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில். லாரிகளில் சேனல் இருக்கிறதே என்று கேட்கலாம். மேடு பள்ளத்தில் கொஞ்சம் திருகி வளைந்து கொடுக்கட்டும் என்றுதான் லாரிச் சேஸிஸை அப்படிக் கட்டுகிறார்கள். பாரம் சுமப்பது வேறு, வளைவில் வேகமாகத் திரும்புவது வேறு.

சட்டகம் நின்றாயிற்று. அடுத்தது சக்கரங்களைத் தொங்கவிடும் புள்ளிகள். கிட் காரில் விலை போகிற அளவு என்று முதலில் சொன்னது இவற்றைத்தான். சக்கரம் ஏறி இறங்கும்போது லோயர் ஆர்ம் தன் உள்முனைப் போல்ட்டை மையமாகக் கொண்டு ஒரு வில் வரைகிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராடும் தன் உள்முனையை மையமாகக் கொண்டு ஒரு வில் வரைகிறது. இரண்டு வில்லும் ஒத்துப்போனால் சக்கரம் நேராக ஏறி நேராக இறங்கும். டை ராடின் உள்முனையைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ பொருத்திவிட்டால் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் டை ராடு சக்கரத்தை இழுக்கும் அல்லது தள்ளும். ஸ்டியரிங் ஆர்ம் 100 மில்லிமீட்டர் நீளம் என்றால், 2 மில்லிமீட்டர் இழுப்புக்குச் சக்கரம் ஒரு பாகைக்கு மேல் திரும்பிவிடும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை, வண்டி தானாகத் திரும்புகிறது. வீல் அலைன்மென்ட் கடையில் எத்தனை முறை விட்டாலும் இது தீராது. அங்கே வண்டி நிற்கும்போது அளக்கிறார்கள், இந்தக் கோளாறு வண்டி குதிக்கும்போது வருவது.

அந்த 2 மில்லிமீட்டரை வெல்டிங் சாதாரணமாகத் தின்றுவிடும். பற்றவைக்கும் இடம் உருகிச் சூடாகும்போது விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. போக வழியில்லாமல் சூடான பகுதி தனக்குள்ளேயே நசுங்குகிறது. ஆறும்போது அது சுருங்கித்தான் ஆக வேண்டும், அப்போது அக்கம்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு சுருங்கும். குழாய் நிமிர்ந்து நின்ற பக்கத்திலிருந்து பற்றவைத்த பக்கம் சாய்வது இதனால்தான். பனியன் துணியில் இதன் சகோதரன் உண்டு. சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட்டை இரண்டு முறை துவைத்தால் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வரும். நூலுக்குள் அடைபட்ட முறுக்கு, தண்ணீர் பட்டதும் தன்னை விடுவித்துக்கொள்கிறது. ஸ்பைராலிட்டி என்று செக்கிங்கில் ரிஜெக்ட் ஆகும் பீஸ் இதுதான். துணியில் முன்கூட்டியே சுருக்கத்தை எடுக்கக் காம்பாக்டிங் இருக்கிறது. இரும்புக்கு ஜிக் இருக்கிறது. தரையோடு இறுகப் பூட்டிய கனமான ஜிக்கில் குழாய்களைப் பிடித்துவைத்து, முதலில் எல்லா மூட்டிலும் டேக் மட்டும் வைத்து, பிறகு இந்த மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைப்பார்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டகம் வாழைப்பழமாக வளைந்து நிற்கும்.

பழைய காரிலிருந்து கழற்றிய பாகத்துக்கும் ஒரு குணம் உண்டு. அது தன் பழைய வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது. எஞ்சின் முன்னால் உள்ள குடும்பக் காரில் எடையின் பெரும்பங்கு முன்சக்கரத்தில் விழும். அதனால் முன் பிரேக்கைப் பலமாகவும் பின் பிரேக்கைச் சாதுவாகவும் வைத்திருப்பார்கள். எஞ்சினை ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் மாற்றிவிட்டு அதே பிரேக்கை அப்படியே பூட்டினால் முன்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் பார்க்கும். வண்டி நிற்கும் தூரம் கூடும். சரிசெய்கிறேன் பேர்வழி என்று பின்னால் அளவுக்கு மீறிக் கொடுத்தால் பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி பம்பரமாகச் சுழலும். ஸ்பிரிங்கும் அப்படியே. 720 கிலோவுக்கு அளந்து செய்த ஸ்பிரிங் 420 கிலோ வண்டியில் கல்லாக நிற்கும்.

போல்ட் விஷயத்திலும் அலட்சியம் கூடாது. நல்ல போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். முதல் 8, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையில் அறுபடும் என்பதற்கு. அடுத்த 8, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதற்கு. எண் இல்லாத போல்ட் கேட் தாழ்ப்பாளுக்குச் சரி, சஸ்பென்ஷனுக்குச் சரியல்ல.

இத்தனையும் சரியாக வந்ததா என்று எப்படிச் சோதிப்பது? செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய அதே பாதையில் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி நடக்கிறது. நாடெங்கும் உள்ள பொறியியல் மாணவர் அணிகள் தாங்களே கட்டிய கார்களோடு வருகின்றன. பாதையில் இறங்கும் முன் ஒவ்வொரு காரும் சில சோதனைகளைத் தாண்ட வேண்டும். ஓட்டுநரை உட்காரவைத்து, ஒரு மேடையில் ஏற்றிக் காரைப் பக்கவாட்டில் 60 பாகை சாய்ப்பார்கள். சக்கரம் மேடையை விட்டுக் கிளம்பக் கூடாது, எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. இதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1,200 மில்லிமீட்டர் என்றால் பாதி 600. 60 பாகையில் கவிழாமல் நிற்க வேண்டுமானால் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 346 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சாய்த்துப் பார்த்தாலே காரின் ஈர்ப்பு மையத்தை அளந்தது மாதிரி. ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றி 5 நொடிக்குள் வெளியே வர வேண்டும். பிரேக் மிதித்தால் நாலு சக்கரமும் பூட்ட வேண்டும். மாதக்கணக்கில் இரவெல்லாம் விழித்துக் கட்டிய கார் இங்கே தேறாமல், பாதையை வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதும் உண்டு.

அப்படியானால் வீட்டில் கட்டிய காரை எடுத்துக்கொண்டு பல்லடம் சாலையில் போகலாமா? போக முடியாது. பிரிட்டனில் ஒரே ஒரு காரைக் கட்டியவர்கூட அதைத் தனி வாகனச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவு எண் வாங்கலாம். இந்தியாவில் 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் மாடலுக்குத்தான் சான்றிதழ் கேட்கின்றன. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்புகளில் முன்மாதிரி தேறிய பிறகுதான் விற்பனையும் பதிவும். லட்சம் கார் விற்கிற கம்பெனிக்கு அந்தச் செலவு ஒரு காருக்குச் சில்லறை. ஒரு கார் கட்டுகிறவருக்கு அது காரின் விலையைத் தாண்டும். இருக்கிற காரையே மாற்றிக்கொள்ளலாம் என்றால் 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நிற்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுப் புத்தக விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எதிரே குழந்தையோடு மொபெட்டில் வருகிறவர் நம் வெல்டிங்கை நம்பித்தான் வர வேண்டும் என்பதை நினைத்தால் சட்டத்தின் பயம் புரியும். கரிவரதன் சாலையை விட்டுவிட்டுப் பந்தயப் பாதைக்குக் கட்டினார். இன்றும் அருள்புரத்துக் கொட்டகைக்குத் திறந்திருக்கும் நேர்வழி அதுதான். செட்டிபாளையம் ஒன்றும் தூரமில்லை.

அப்படி ஒருவர் தொடங்குவதாக இருந்தால் முதல் நாள் வேலைக்கு வெல்டிங் மிஷின் வேண்டாம். சாக்பீஸும் டேப்பும் தூக்குக் குண்டும் போதும். சட்டகத்தின் அடித்தளத்தைச் சிமென்ட் தரையில் முழு அளவில் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு கொத்தனார் அஸ்திவாரம் தோண்டும் முன் கயிறு பிடித்துப் பார்ப்பாரே, அதேபோல இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்கு ஓர் அளவு, வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்கு ஓர் அளவு. நாலு பக்கமும் சரியாக இருந்து இந்த இரண்டு மட்டும் மாறினால் சதுரம் சாய்ந்திருக்கிறது, காடா துணி கிராஸில் இழுபட்ட மாதிரி. அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டும். சாக்பீஸ் கோட்டை அழிக்க ஈரத்துணி போதும். இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை ஒரு குழாயைக்கூட வெட்ட வேண்டியதில்லை.